அக்கா மூடிவிட்டுத்தான் போனாள்

"உன் கம்பெனி பண்ணின சாமானை நான் ஒழுங்கா மூடலையாம்டி."

வாசலில் நின்றபடியே சொன்னாள் அக்கா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எதை மூடலை? குழாயையா?" என்றாள்.

"குழாயை மூடலைன்னா தண்ணிதாம்மா போகும். இது என் மானத்தை வாங்கிடுச்சு."

அக்கா ஓர் ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைக்கிற வரிசையில் உட்காருகிறவள். அங்கே பெண்கள் தங்கள் மேலே இருக்கிறவர்களைப் பற்றி ரகசியமாகப் புகார் எழுத ஓர் இணையதளம் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்து கொடுத்தது நான் வேலை பார்க்கும் கம்பெனி. சாப்பாட்டுக்கூடத்தின் மூலையில் இரண்டு கம்ப்யூட்டர். எண்ணும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே போக வேண்டும். எழுத வேண்டும். 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்திவிட்டு வர வேண்டும். புகாரை ஆலையின் பணியாளர் அதிகாரியைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

அக்கா தன் லைன் சூப்பர்வைசரைப் பற்றி எழுதியிருந்தாள். தையலைப் பார்க்கிற சாக்கில் தோளில் கை வைக்கிறான். கையைத் தட்டிவிட்டால் அன்றைக்கு அவள் தைத்த துணியில் பாதியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறான். அவ்வளவுதான் எழுதினாள். அதற்கே பல நாள் யோசித்தாள்.

இன்றைக்கு அவன் ஒரு தாளோடு அவள் மெஷின் முன்னால் வந்து நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி அந்தப் புகாரை வாசித்திருக்கிறான். அவள் எழுத்து, அவள் பெயர், எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. சாப்பாட்டுக்கூடத்துக் கம்ப்யூட்டரில் திறந்தபடியே கிடந்ததாம், போகிற வழியில் கண்ணில் பட்டதாம். சாயங்காலம் அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கவனக்குறைவாகவோ அவனை அவமானப்படுத்த வேண்டுமென்றோ பக்கத்தைத் திறந்து போட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். தோளில் வைத்த கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நீ நிஜமாவே வெளியேறு அழுத்தினியாக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயுமா? அழுத்தினேன். மறுபடி பேர் கேக்குற பக்கம் வர்ற வரைக்கும் அங்கேயே நின்னேன். பின்னாடி நின்னவ, 'அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா, நகரு'ன்னா. போய் அவளைக் கேளு."

"உள்ள என்ன நடந்துச்சுன்னு நான் பாக்குறேன். செஷன்ல ஏதாவது..."

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேணாம். நான் மூடினேன். மூடினேன்னு உன் கம்பெனி சொல்லணும். அவ்வளவுதான்."

அம்மா கரண்டியோடு நடுவில் வந்தாள். "அவ வேலை போனா போகட்டும். நீ வாயைத் திறந்து உன் வேலையையும் கெடுத்துக்காத. உன்னைப் படிக்க வைக்க அவ படிப்பை நிறுத்தினது எதுக்கு?"

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆபீசில் இதைச் சொன்னால் தலையை ஒரு பக்கம் சாய்த்து 'அடடா' என்பார்கள். அந்த அடடாவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பட்டத்தில் பாதி காலர் தைத்து வந்தது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் இன்னொரு அடடா வரும்.

காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதே முதலாளி கூப்பிட்டார். பக்கத்தில் எங்கள் டீம் லீடர். எதற்கெடுத்தாலும் 'பொறுமை, பொறுமை' என்பதால் அவருக்குப் பொறுமை சார் என்றே பெயர் ஆகிவிட்டது. எனக்கு வைத்த பெயர் நெருப்புப்பெட்டி. வைத்தது அவர்தான்.

"தையல் ஆலையிலேர்ந்து ஒரு பிரச்சனை," என்றார் முதலாளி. "யாரோ ஒரு பொண்ணு லாக்அவுட் பண்ணாம போயிருக்கு. பணியாளர் அதிகாரி மேடம் மத்தியானம் நேர்ல வர்றாங்க. அடுத்த வருஷ ஒப்பந்தம் அவங்க கையிலதான் இருக்கு. நீ நல்லா எழுதுவியே, ஒரு பக்கத்துல அறிக்கை எழுதிடு. பயனர் வெளியேறத் தவறினார். பாதுகாப்புக்காக, சும்மா இருந்தா அஞ்சு நிமிஷத்துல தானா வெளியேறுற மாதிரி மாத்திட்டோம். அவ்வளவுதான்."

யாரோ ஒரு பொண்ணு. என் அக்கா என்று அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் என் கையிலிருந்து இந்த அறிக்கை வேலையைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுப்பார்கள். நான் சொல்லவில்லை.

"முதல்ல புரோகிராமைப் பாத்துட்டு எழுதட்டுமா சார்?"

பொறுமை சார் சிரித்தார். "பொறுமை. அந்தப் புரோகிராம் நான் எழுதினது."

ஏதோ நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி சொன்னார். பேசாமல் வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரன், "பூகம்பமா?" என்றான். "வரப்போகுது," என்றேன்.

அஞ்சு நிமிஷம் என்பதும் எரிச்சலாக இருந்தது. வாழ்க்கையில் கீபோர்டையே தொடாத பெண்கள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துகிறார்கள். யோசித்து யோசித்துப் பாதி எழுதியிருக்கும்போது தளம் அவர்களை வெளியே தள்ளிவிடும். எழுதினது எல்லாம் போகும். அப்புறம் எவள் மறுபடி எழுதுவாள்? இதற்குப் பெயர் பாதுகாப்பு.

புரோகிராமைத் திறந்தேன். லாகின் பகுதியில் குறை இல்லை. உள்ளே வந்ததும் ஆளுக்கு ஒரு புது செஷன், அதற்குத் தனி எண். வெளியேறினால் செஷன் செத்துப்போகிறது. அக்கா பொத்தானை அழுத்திய கணமே அவள் கதவு மூடியிருக்க வேண்டும். பின்னே எப்படி? பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். அவரவர் தங்கள் புகாரைப் பார்க்கிற 'என் பக்கம்' என்கிற பகுதியைத் திறந்ததும் அதன் தலைமாட்டிலேயே இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றில் ஊழியர் பெயர். இன்னொன்றில் புகார்.

அங்கே அவை இருக்கவே கூடாது.

ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பக்கத்தைப் பரிமாறுவது சர்வ்லெட் என்கிற ஆள். ஆலையில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த ஆள் ஒருவன்தான். ஒரே சமயத்தில் எல்லோருக்கும் கொடுப்பான். யாருடையது எது என்று தன் மேசையில் அவன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குத்தான் செஷன், ஆளுக்கு ஒரு தனிப்பெட்டி. பொறுமை சார் பெட்டிகளை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததை மேசைமேல் வைத்துவிட்டார். புகாரோடு படமும் சேர்க்கலாம் என்பதால் பக்கம் முழுதாக வர இரண்டு மூன்று நொடி பிடிக்கும். அதற்குள் இன்னொருத்தி வந்து தன் பக்கத்தைத் திறந்தால், மேசையில் இருக்கிற முதல் ஆளின் காகிதத்துக்கு மேல் அவள் காகிதம். முதல் ஆள் கையை நீட்டி மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு போவான்.

சூப்பர்வைசர் எதையும் சாப்பாட்டுக்கூடத்தில் பார்க்கவில்லை. சூப்பர்வைசர்களுக்கும் தளத்தில் கணக்கு உண்டு; தன் அறையில் தன் பக்கத்தைத் திறந்திருக்கிறான். அதே நேரத்தில் அக்கா தன் புகார் என்ன ஆயிற்று என்று பார்த்திருக்கிறாள். அவன் திரையில் அவள் வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. தன் அறையில் வந்தது என்று சொன்னால் திருட்டுத்தனமாகப் பார்த்ததாகத் தன் தலையில் விழும் என்று பயந்து, அவள்மேல் தூக்கிப் போட்டுவிட்டான்.

ஒரு முறை தனியாகத் திறந்து பார்த்தேன். சரியாக வந்தது. பத்து முறை திறந்தாலும் சரியாகத்தான் வரும். பொறுமை சாரும் இப்படித்தான் பார்த்திருப்பார். தனியாக உட்கார்ந்து, தானே எழுதி, தானே அழுத்தி, தானே மெச்சிக்கொண்டு. இந்த ஓட்டை ஒற்றை ஆளுக்குத் தெரியாது. இரண்டு ஆள் வேண்டும்.

இரண்டு பிரவுசரில் இரண்டு சோதனைக் கணக்கைத் திறந்து இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினேன். வரவில்லை. மறுபடி. வரவில்லை. மறுபடி அழுத்தியபோது, இந்தப் பக்கத்தில் அந்தப் பக்கத்தின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது.

முன்பு ஒரு நாள் ஆலையிலிருந்து ஒரு போன் வந்தது நினைவுக்கு வந்தது. "வேற யாரோ பேர் வருதும்மா," என்று ஒரு பெண் சொன்னாள். பொறுமை சாரிடம் சொன்னேன். "பிரவுசர்ல பழைய பக்கம் தேங்கியிருக்கும், அழிச்சுட்டுத் திறக்கச் சொல்லு," என்றார். அவள் அழித்துவிட்டுத் திறந்தாள். சரியாக வந்தது. வராமல் என்ன செய்யும்?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் இடத்துக்குப் போய்க் காட்டினேன். முதலில் புருவம் ஏறியது. அப்புறம் முகம் சுண்டிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதான் சொல்றேன்."

"பொறுமை. ரெண்டு வரிதான். உள்ள தள்ளிட்டா முடிஞ்சுது. சாயங்காலம் ஆலையில ஷிப்டு முடிஞ்சதும் புதுசை ஏத்திடலாம். காதும் காதும் வச்ச மாதிரி."

"அந்தப் பொண்ணு?"

"அது அவங்க ஆலை விவகாரம்."

"அறிக்கையில என்ன எழுத?"

"காலையில சார் சொன்னதுதான்."

"அவங்க வெளியேறினாங்க சார். தப்பு நம்மளோடது."

"அவங்க வெளியேறின பதிவு சர்வர்ல இல்ல. பாத்துட்டேன்."

"அந்தப் பதிவு எந்தப் பேரை எடுத்து எழுதுது? அதே மேசையிலேர்ந்துதானே எடுக்குது? அவங்க வெளியேறினது வேற எவன் பேர்லயோ இருக்கும்."

அவர் குரலை இறக்கினார். "இங்க பாரு. உன் வேலையை நிரந்தரம் பண்றதுக்கு நான்தான் எழுதித் தரணும். உங்க வீட்டுல நீதான் முதல் பட்டதாரின்னு எனக்குத் தெரியும். அதை மனசுல வச்சுதான் சொல்றேன்."

மனசில் வைத்துச் சொல்கிறாராம். கழுத்தில் வைத்துச் சொன்னார்.

நான் அறிக்கை எழுதவில்லை. சாப்பிடவும் இல்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி போய் முகம் கழுவினேன். சாயங்காலம் புதுசை ஏற்றிவிட்டால் அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது. எல்லாம் ஒழுங்காக ஓடும். அக்கா மட்டும் திறந்து போட்டுவிட்டுப் போனவளாகவே இருப்பாள்.

மேடம் நேரத்துக்கு வந்துவிட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு ஆலைக்குத் திரும்பணும்," என்றார். முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம பொண்ணு விளக்கும்."

"மேடம், அறிக்கை எழுதலை," என்றேன். "நேர்ல காட்டிடலாம்னு நினைச்சேன். உங்க லேப்டாப்புல உங்க கணக்கைத் திறக்குறீங்களா?"

முதலாளி குழப்பத்தோடு சிரித்தார். பொறுமை சார் சிரிக்கவில்லை.

"சார், நீங்க உங்க சோதனைக் கணக்கைத் திறங்க. ஆலைத் தளத்துலயே ஒண்ணு வச்சிருக்கீங்களே."

"அது எதுக்கு இப்ப? பொறுமை..."

"நான் திறந்தா ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லுவீங்க. நீங்களே திறங்க."

"திறய்யா," என்றார் முதலாளி. "மேடம் காத்துக்கிட்டிருக்காங்க."

ஏன் அத்தனை தயங்கினார் என்று அப்போது எனக்கும் தெரியாது.

"நான் சொன்னதும் சார் 'என் பக்கம்' அழுத்தணும். மேடம், நீங்களும் அதே நேரத்துல."

அழுத்தினார்கள். மேடத்தின் திரையில் மேடத்தின் பக்கம் வந்தது. "சரியாத்தானே இருக்கு?" என்றார். மறுபடி அழுத்தினார்கள். சரியாகவே இருந்தது. பொறுமை சார் நாற்காலியில் சாய்ந்தார். வரவில்லை என்றால் நான் இந்த அறையிலேயே முட்டாள், அக்கா அந்த ஆலையிலேயே பொய்க்காரி.

"இன்னும் ஒரு தடவை. மேடம், நீங்க முதல்ல. சார், உடனே நீங்க."

அழுத்தினார்கள். மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"என்னது இது? 'எங்க முதலாளி கஞ்சன். ஏசி ரிப்பேர் ஆகி ஒரு யுகம் ஆச்சு. கேட்டா ஜன்னலைத் திறங்கன்னு சொல்றான். சோதனை சோதனை ஒன்று இரண்டு.' யார் எழுதினது?"

அறையில் மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி மெல்லப் பொறுமை சாரைத் திரும்பிப் பார்த்தார். சோதனைக்கு எதையாவது எழுத வேண்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனதில் வந்ததை அடித்து வைத்திருந்தார் மனிதர்.

"சார், அது சும்மா... டெஸ்ட் டேட்டா..."

"டேட்டாவா? 'சொல்றான்'னு போட்டிருக்கே?"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"மேடம், சார் எழுதினது சார் கணக்குல. நீங்க இருக்குறது உங்க கணக்குல. அவர் திறந்து போட்டுட்டுப் போகலை, உங்க எதிர்லதான் உட்கார்ந்திருக்கார். ஆனாலும் உங்க திரையில வந்துடுச்சு. ரெண்டு பேர் ஒரே சமயத்துல திறந்தா ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் போகுது. உங்க ஆலையிலயும் இதுதான் நடந்திருக்கு. அந்தப் பொண்ணு ஒழுங்கா மூடிட்டுத்தான் போச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் கையில தாள் இருந்துது," என்றார் தனக்குத்தானே. "சாப்பாட்டுக்கூடத்துல பிரிண்டர் கிடையாதே. என் ரூம்ல ஒண்ணு, சூப்பர்வைசர் ரூம்ல ஒண்ணு. இதை ஏன் நான் கேக்கலை?"

பிறகு என்னைப் பார்த்தார். "இதுவரைக்கும் எத்தனை பேரோடது இப்படி யார்கிட்ட போயிருக்கும்?"

"தெரியாது மேடம். கண்டுபிடிக்கவும் முடியாது."

முதலாளி இடையில் புகுந்தார். "சாயங்காலமே சரி பண்ணிடறோம் மேடம், சின்னத் தவறு..."

"இப்பவே நிறுத்துங்க. இந்த நிமிஷமே. சரி பண்றதை அப்புறம் பேசலாம்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அந்தப் பொண்ணு வெளியேறினது உண்மை, தளத்துலதான் கோளாறுன்னு எனக்கு எழுத்துல வேணும். உங்க கையெழுத்தோட."

அவர் போனதும் முதலாளி என் மேல் பாய்ந்தார். "முன்னாடியே என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? ஒரு வாடிக்கையாளர் முன்னாடி கம்பெனியைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே! அந்தப் பொண்ணு உனக்கு யாரு?"

"என் அக்கா."

பொறுமை சார் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா சார்! சொந்தக்காரிக்காகப் பண்ணியிருக்கா!"

"ஆமா, அக்காவுக்காகத்தான் பண்ணினேன். கோளாறை நானா வச்சேன்? அக்கான்னு காலையில சொல்லியிருந்தா என்னை இந்த ரூமுக்குள்ள விட்டிருப்பீங்களா?"

முதலாளி என் வேலை இருக்கிறதா இல்லையா என்று நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் கடிதத்தை மட்டும் நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரு வரியைக் குறைக்கச் சொன்னார், குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். மேடத்துக்கு அனுப்பிவிட்டு, என் போனிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தாள். போனை நீட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் இல்லை, வேகமாகப் படிப்பாள். ஆனால் இதை மெதுவாகப் படித்தாள். 'பயனர் முறையாக வெளியேறியுள்ளார்' என்ற இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தாள்.

"பயனர்னா நான்தானே?"

"நீதான்."

"என் பேரைப் போட மாட்டாங்களா?"

"கீழ போட்டிருக்கு பாரு, உன் எண்ணோட."

பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா, "உன் வேலை?" என்று என்னைக் கேட்டாள். "நாளைக்குத் தெரியும்," என்றேன். அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே தட்டை வைத்தாள்.

சாப்பிட உட்காரும்போது அக்காவுக்குப் போன் வந்தது. மேடம்தான். அக்கா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மேடத்தின் குரல் கனிவாக இருந்தது. நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். விளக்கம் கேட்டதைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம். சூப்பர்வைசரை விசாரிப்பார்களாம். அதுவரை அக்காவின் பாதுகாப்புக்காக அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்களாம். நாளையிலிருந்து அங்கே போனால் போதுமாம்.

எனக்குச் சுரீர் என்றது. வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி அடக்கினாள்.

"மேடம், நான் மூடிட்டுத்தான் போனேன்னு எழுத்துல வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா. அதுல சந்தேகமே இல்ல."

"அப்ப தப்பு என் பேர்ல இல்ல. நான் ஏன் மேடம் நகரணும்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"எனக்குக் காலர் தைக்கத்தான் வரும். பேக்கிங்ல உட்கார வச்சா, ஏதோ பண்ணிட்டா, அதான் தள்ளிட்டாங்கன்னு எல்லாரும் பேசுவாங்க. அவனை மாத்துங்க. நான் அவனைப் பத்தி எழுதினது இன்னும் உங்க கையிலதானே இருக்கு? இனிமே அதை ரகசியமா வச்சுக்க வேணாம். வரிசை முழுக்கக் கேட்டாச்சு. என் பேரைப் போட்டே விசாரிங்க. எங்க வரிசையில இன்னும் ரெண்டு பேர் அவனைப் பத்திப் பேசுறோம்னு சொல்லியிருக்காங்க."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வா, பேசலாம்," என்றார் மேடம் கடைசியில்.

"வர்றேன் மேடம். ஆனா உங்க ரூமுக்கு என் மெஷின்லேர்ந்து எழுந்து வருவேன். பேக்கிங்லேர்ந்து இல்ல."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி பாக்குற," என்றாள். "நாளைக்கு நீயும்தானே போய் நிக்கணும்? சாப்பிடு."